குளோனில் வருவதும் வராததும்

2017 ஜனவரி 31 அன்று இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், முதன்மைத் தரவுத்தளத்தோடு ஒத்திசையாமல் பின்தங்கிக்கொண்டிருந்த துணைத் தரவுத்தளத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று எண்ணி, அதன் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஆனால் அந்தக் கட்டளை ஓடியது முதன்மைத் தரவுத்தளம் இருந்த சர்வரில். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் எஞ்சியிருந்தது. தானாக எடுக்கப்பட்டிருக்க வேண்டிய காப்புப் பிரதிகள் தோல்வியடைந்து வந்ததும், அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேராததும் அதன் பிறகுதான் தெரியவந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்தே தளம் மீண்டெழுந்தது. அந்த இடைவெளியில் பதிவானவற்றுள் ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் தானே வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. தளம் முடங்கியிருந்த நேரத்தில் நிரல் களஞ்சியங்களையும் விக்கிகளையும் அணுக முடியாமல் போனதே தவிர, அவற்றிலிருந்து எதுவும் அழியவில்லை. அவை தரவுத்தளத்தில் இல்லாமல் கிட் என்ற, நிரலின் மாற்ற வரலாற்றைப் பேணும் கருவியின் தனித்தனிக் களஞ்சியங்களாக இருந்ததே காரணம். அவை அழிந்திருந்தாலும், அவற்றின் முழுப் பிரதி எத்தனையோ நிரலாளர்களின் மடிக்கணினிகளில் இருந்திருக்கும். கருத்துரைகளின் பிரதியோ யாரிடமும் இல்லை.

நிரல் களஞ்சியத் தளங்கள் தரும் வசதிகளைப் புரிந்துகொள்ள இந்த விபத்தைவிடத் தெளிவான வரைபடம் எனக்குக் கிடைத்ததில்லை. புல் ரிக்வெஸ்ட் (மாற்றங்களை ஏற்கக் கோரும் விண்ணப்பம்), இஷ்யூ (வழு அல்லது கோரிக்கைப் பதிவு), கிளைப் பாதுகாப்பு, தானியங்கிச் சோதனை, வெளியீட்டுப் பக்கம் என்று ஒரே திரையில் அடுத்தடுத்துத் தெரிகிற இவை அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை போலத் தோற்றமளிக்கின்றன. உண்மையில் அவற்றில் சில களஞ்சியத்துக்குள் இருப்பவை. குளோன் செய்தால், அதாவது களஞ்சியத்தை வரலாற்றோடு நம் கணினிக்கு நகலெடுத்தால், கூடவே வருபவை. சில தளத்தின் தரவுத்தளத்தில் மட்டும் இருப்பவை. வேறு சில, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து நிற்பவை. பெரும்பாலான குழப்பங்கள் இந்த மூன்றாம் வகையில்தான் பிறக்கின்றன.

ஒரு சர்வரை நம்பியிருந்த காலம்

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களின் வரலாறு 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் என்ற கருவியிலிருந்து தொடங்குகிறது. 1980களில் வந்த ஆர்சிஎஸ், சிவிஎஸ் ஆகியவற்றைக் கடந்து, 2004இல் முதல் முழுப் பதிப்பு கண்ட சப்வெர்ஷன் வரை, பரவலாகப் புழங்கிய கருவிகளின் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான்: வரலாறு ஓரிடத்தில் இருக்கும், அங்கே எழுதும் உரிமை உள்ளவர் எழுதுவார், மற்றவர் கையில் இருப்பது அந்தக் கணத்தின் நகல் மட்டுமே.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்க மறுத்தது. 2002இல் அது பிட்கீப்பர் என்ற கருவிக்கு மாறியது. பரவலாக்கப்பட்ட முறையில் இயங்கும் அந்தக் கருவி ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. திறமூலத் திட்டங்களுக்குச் சில நிபந்தனைகளோடு இலவசமாக அளிக்கப்பட்டிருந்தது. அதன் பரிமாற்ற முறையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலாளர் ஆராயத் தொடங்கியதை நிபந்தனை மீறலாகக் கருதிய நிறுவனம் 2005இல் இலவச உரிமத்தை விலக்கிக்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களுக்குள் அது தன் சொந்த மூல நிரலைத் தானே பேணும் நிலைக்கு வந்துவிட்டது. அதே மாதம், அதே காரணத்துக்காக, மெர்குரியல் என்ற இன்னொரு கருவியும் பிறந்தது. ஒரு நிறுவனத்தின் முடிவால் வேலை நின்றுபோகக் கூடாது என்ற தேவையிலிருந்து பிறந்த கிட், இன்று பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் தளங்கள் வழியாகவே புழங்குகிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

கிட்டின் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கமும், ஒவ்வொரு கோப்புறையின் பட்டியலும், ஒவ்வொரு கமிட்டும் (வரலாற்றில் பதியப்பட்ட ஒரு மாற்றம்) அதனதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட, கைரேகை போன்ற 40 எழுத்து ஹேஷையே முகவரியாகக் கொண்டிருக்கின்றன. ஒரு கமிட்டுக்குள் அப்போதைய கோப்புறை நிலையின் ஹேஷ், முந்தைய கமிட்டின் ஹேஷ், எழுதியவர் பெயர், நேரம், குறிப்புரை ஆகியவை இருக்கும். பழைய கமிட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் ஹேஷ் மாறும். அதைச் சுட்டும் அடுத்த கமிட்டின் ஹேஷ் மாறும். இப்படியே நுனி வரை எல்லாம் மாறிப்போகும். எனவே இருவரிடம் உள்ள நுனிக் கமிட்டின் ஹேஷ் ஒன்றாக இருந்தால், அவர்களிடம் உள்ள வரலாறு முழுவதும் ஒன்றே என்று கொள்ளலாம். கிளை, அதாவது நிரலின் இணையான வளர்ச்சிப் பாதை, இதோடு ஒப்பிட்டால் மிக அற்பமான பொருள்: ஒரு கமிட்டின் ஹேஷை எழுதிவைத்த 41 பைட் கோப்பு, 40 எழுத்தும் ஒரு வரிமுடிவும். கிளை தொடங்குவது செலவற்ற செயலாக இருப்பதற்கும், கிளையை அழித்தாலும் கமிட் உடனே அழியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

குளோன் செய்யும்போது இந்தக் கமிட்டுகளின் சங்கிலியும், கிளைப்பெயர்களும், குறிப்பிட்ட கமிட்டுகளுக்கு இட்ட பெயர்களான டேக்குகளும் நம் கணினிக்கு வருகின்றன. களஞ்சியக் கோப்புறைக்குள்ளேயே இருந்தும் வராதவையும் உண்டு. ஹூக் எனப்படும் தானியங்கிச் சிறுநிரல்கள் வருவதில்லை. யாரோ எழுதிய நிரல் நம் அனுமதியின்றி நம் கணினியில் ஓடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கிளைகளின் நகர்வைப் பதிவுசெய்யும் ரெஃப்லாக் வருவதில்லை. முடிவடையாத மாற்றங்களை ஒதுக்கி வைத்த ஸ்டாஷ் வருவதில்லை. கமிட்டை மாற்றாமல் அதனுடன் குறிப்பு சேர்க்கும் நோட்ஸ் வசதி கிட்டிலேயே இருந்தாலும், தனியாகக் கேட்டால்தான் அது வந்து சேரும்.

புல் ரிக்வெஸ்ட் எங்கே வாழ்கிறது

2008இல் கிட்ஹப் என்ற களஞ்சியத் தளம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, பதிப்புக் கட்டுப்பாட்டில் அது புதிதாகக் கண்டுபிடித்தது என்று பெரிதாக எதையும் சொல்ல முடியாது. அதன் கண்டுபிடிப்பு வேறிடத்தில் இருந்தது. கிட்டில் ஏற்கெனவே ‘ரிக்வெஸ்ட் புல்’ என்றொரு கட்டளை உண்டு. ‘என் களஞ்சியத்தில் இந்த இடத்தில் இத்தனை மாற்றங்கள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மின்னஞ்சலில் அனுப்பத் தகுந்த ஒரு சுருக்கத்தைத் தயாரித்துத் தருவது மட்டுமே அதன் வேலை. கிட்ஹப் அந்தக் கடிதத்துக்கு ஓர் எண் கொடுத்தது. நிரந்தர முகவரி கொடுத்தது. அதன் கீழே பேச இடம் கொடுத்தது. கடிதம் என்ற நிலையிலிருந்து ஒரு பொருள் என்ற நிலைக்கு அது உயர்ந்தது.

அந்தப் பொருளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்கு, எந்தக் கமிட்டுகள் என்ற பகுதி கிட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டின் நுனியையும் கிட்ஹப் ஒரு மறைவான சுட்டியாகக் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறது. சாதாரண குளோனில் அது வராது, பெயர் சொல்லிக் கேட்டால் வரும். தலைப்பு, விளக்கம், வரி வரியாக எழுதப்பட்ட மறுஆய்வுக் கருத்துகள், யார் ஒப்புதல் அளித்தார், யார் மாற்றம் கேட்டார், எந்தச் சோதனை தேறியது என்ற பகுதியோ முழுக்க முழுக்கத் தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. முதல் பகுதி என்ன மாறியது என்பதைச் சொல்கிறது. ஏன் மாறியது, எந்த மாற்று வழி பரிசீலிக்கப்பட்டு ஏன் கைவிடப்பட்டது என்பதைப் பெரும்பாலும் இரண்டாம் பகுதிதான் சொல்கிறது. ஐந்தாண்டு கழித்துப் புரியாத ஒரு வரியின் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

இணைக்கும் முறையும் இந்தப் பிரிவினையைப் பாதிக்கிறது. இரு கிளைகளையும் பெற்றோராகக் கொண்ட இணைப்புக் கமிட்டை உருவாக்குவது ஒரு முறை. கமிட்டுகளைப் பெயர்த்தெடுத்து வரிசையாக அடுக்கும் ரீபேஸ் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருக்கும் ஸ்குவாஷ் மூன்றாவது. ஸ்குவாஷ் முறை பிரதானக் கிளையின் வரலாற்றை வாசிக்க எளிதாக்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இடைப்பட்ட கமிட்டுகள் அதன் பிறகு பிரதானக் கிளையிலிருந்து எட்ட முடியாதவை. தளம் வைத்திருக்கும் அந்த மறைவான சுட்டி மட்டுமே அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. எழுதியவர் தன் ரகசியச் சாவியால் இட்ட மின்கையொப்பமும் போய்விடுகிறது. புதிய கமிட் தளத்தின் பொத்தானால் உருவாவதால் தளத்தின் சாவியே அதில் இருக்கும். ஸ்குவாஷைத் தேர்வுசெய்யும் குழு அந்த ஒற்றைக் கமிட்டின் குறிப்புரையை அக்கறையோடு எழுத வேண்டும். தளம் தானாக நிரப்பித் தரும் ‘திருத்தம்’, ‘மீண்டும் திருத்தம்’, ‘இப்போது சரி’ என்ற பட்டியலை அப்படியே விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் இழப்புதான்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டு திட்டம் பயன்படுத்தும் கெரிட் என்ற மறுஆய்வுக் கருவி, ஒவ்வொரு கமிட்டின் குறிப்புரையிலும் ஒரு மாற்ற அடையாளத்தைப் பதிக்கிறது. கமிட்டைத் திருத்தித் திருத்தி மீண்டும் அனுப்பினாலும் அந்த அடையாளம் மாறாததால், ஒரே மாற்றத்தின் முதல் வடிவத்தையும் ஏழாம் வடிவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. புல் ரிக்வெஸ்ட் முறையில் வலுக்கட்டாயமாகப் புஷ் செய்தபின் (தளத்தில் இருக்கும் கமிட்டுகளை மேலெழுதி ஏற்றியபின்) பழைய கருத்துகள் அந்தரத்தில் தொங்குவது போன்ற நிலை இங்கே குறைவு. அதைவிட முக்கியமாக, 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து கெரிட் தன் மறுஆய்வுத் தரவுகளை வெளித் தரவுத்தளத்தில் வைப்பதையே விட்டுவிட்டு, கருத்துகளையும் வாக்குகளையும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே எழுதுகிறது. களஞ்சியத்தை முழுதாக எடுத்தால் விவாதமும் கூடவே வந்துவிடும்.

லினக்ஸ் கெர்னலோ இன்றும் மின்னஞ்சலில்தான் மறுஆய்வு நடத்துகிறது. புதிதாக வருபவர்களுக்கு அது பழமைவாதமாகத் தோன்றுகிறது. ஒட்டுகளை (உரையாக எழுதிய மாற்றங்களை) சரியான வடிவத்தில் அனுப்பப் பழகுவதற்கே சில நாட்கள் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த மின்னஞ்சல் ஆவணக் காப்பகமே கிட் களஞ்சியங்களாகச் சேமிக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் குளோன் செய்யலாம். கமிட்டின் அடியில் அந்த விவாதத்துக்கான இணைப்பையும் பராமரிப்பாளர்கள் பலர் சேர்த்துவிடுகிறார்கள். தோற்றத்தில் மிகப் பழையதாகத் தெரியும் இந்த முறையில், உரையாடல் எந்த ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் நம்பியிருக்கவில்லை.

விதி ஓரிடம், காவல் ஓரிடம்

கிளைப் பாதுகாப்பு என்பது கிட்டுக்குத் தெரியாத ஒரு கருத்து. கிட்டைப் பொறுத்தவரை பிரதானக் கிளையும் சோதனைக்காக நேற்றுத் தொடங்கிய கிளையும் ஒரே தகுதி உள்ள 41 பைட் கோப்புகள். ‘இந்தக் கிளைக்கு நேரடியாகப் புஷ் செய்யக் கூடாது, இருவர் ஒப்புதல் வேண்டும், சோதனைகள் தேற வேண்டும்’ என்ற விதிகளெல்லாம் தளத்தின் அமைப்புகளில் இருக்கின்றன. புஷ் வந்து சேரும் வாசலில் நின்று தளமே அவற்றை நிறைவேற்றுகிறது. அதே களஞ்சியத்தை வேறொரு தளத்தில் ஏற்றினால் வாசல் திறந்தே கிடக்கும்.

கோட்ஓனர்ஸ் கோப்பு இதைவிட நுட்பமானது. எந்தக் கோப்புறைக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் களஞ்சியத்துக்குள் சாதாரண உரைக்கோப்பாக இருக்கிறது. மற்றக் கோப்புகளைப் போலவே அதற்கும் வரலாறு உண்டு. ஆனால் அதைப் படித்து உரியவர்களை மறுஆய்வுக்கு அழைப்பதும், அவர்கள் ஒப்புதல் இன்றி இணைப்பைத் தடுப்பதும் தளத்தின் வேலை. தடுக்கும் அமைப்பைத் தளத்தில் தனியாக இயக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோப்பு இருப்பதாலேயே காவல் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் குழுக்கள் உண்டு.

எழுதியவர் யார் என்பதும் இப்படிப் பிளவுபட்ட ஒன்று. கமிட்டில் உள்ள பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதுபவர் தன் கணினியில் தானே நிரப்பிக்கொள்பவை; எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட முடியும், கிட் எதையும் சரிபார்க்காது. தளம் அந்த முகவரியைத் தன் கணக்குகளோடு பொருத்தி, உரியவரின் படத்தைப் பக்கத்தில் காட்டுகிறது. படத்தைப் பார்த்து ஆளை நம்புவது ஆபத்து. கமிட்டுக்குள் இடப்படும் கையொப்பம் மட்டுமே ஓரளவு உறுதி தரும். 2021இல் வந்த கிட்டின் 2.34 பதிப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) சாவியாலும் கையொப்பமிட முடியும் என்பதால் அது முன்புபோல் சிரமமான காரியமாகவும் இல்லை. கையொப்பம் குளோனில் வரும். அது யாருடைய சாவி என்று தளம் காட்டும் ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரை வராது.

சோதனையும் வெளியீடும்

தானியங்கிச் சோதனைக்கான செயல்முறைக் கோப்பு களஞ்சியத்தில் இருக்கிறது; அதை ஓட்டும் இயந்திரமும், அதற்குத் தேவைப்படும் கடவுச்சொற்களும், ஓட்டத்தின் பதிவேடும் தளத்தில் இருக்கின்றன. செயல்முறைக் கோப்பு தளத்துக்குத் தளம் வேறு மொழியில் எழுதப்படுவதால், உள்ளே இருந்தும் அது முழுதாகக் கைப்பொருள் ஆவதில்லை. உண்மையான சோதனைப் படிகளைத் தளம் சாராத ஒரு சிறு நிரலில் எழுதிவிட்டு, செயல்முறைக் கோப்பு அந்த நிரலை அழைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் குழுக்களுக்கு இடம்பெயர்வது எளிதாகிறது. தோல்வியடைந்த சோதனையைத் தம் மேசையிலேயே ஓட்டிப் பார்க்கவும் முடிகிறது.

பிறர் எழுதிய செயல்பாடுகளை (ஆயத்தமான சிறுநிரல்களை) நம் செயல்முறைக்குள் அழைத்துக்கொள்ளும் வசதியில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலோர் அவற்றை டேக் பெயரால் சுட்டுகிறார்கள். டேக் என்பது நிலையான பெயர் என்ற எண்ணம் பழக்கத்தால் வந்தது. கிட்டில் அதுவும் ஒரு சுட்டிதான், களஞ்சியத்தில் எழுதும் உரிமை பெற்றவர் அதை வேறு கமிட்டுக்கு நகர்த்த முடியும். 2025 மார்ச்சில், மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு பிரபலமான கிட்ஹப் செயல்பாட்டின் டேக்குகளைத் தாக்குநர்கள் தீய கமிட்டுக்குத் திருப்பினார்கள். 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அந்தச் செயல்பாட்டைப் பயன்படுத்தி வந்தன. அது ஓடிய இடங்களில் ரகசியச் சாவிகள் சோதனைப் பதிவேட்டில் அச்சாயின. பதிவேடு பொதுவில் தெரியும் களஞ்சியங்களில் அவற்றை யாரும் படித்திருக்க முடியும். டேக்குக்குப் பதில் முழு ஹேஷைச் சுட்டியிருந்தவர்களை அந்தத் திருப்பம் எட்டவில்லை. சுட்டி நகரும், ஹேஷ் நகராது.

இணைப்பு வரிசை என்ற வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு செயற்கூறின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர், அதே நேரத்தில், பழைய பெயரில் அதை அழைக்கும் புதிய வரி ஒன்றை வேறொரு கோப்பில் சேர்க்கிறார். இரண்டும் தனித்தனியே சோதனையில் தேறும். இரண்டையும் இணைக்கும்போது வரி அளவில் எந்த மோதலும் இல்லாததால் கிட் முணுமுணுக்காது. ஆனால் பிரதானக் கிளை உடைந்துவிடும். எனவே இணைத்தால் கிடைக்கப்போகும் நிலையை முன்கூட்டியே உருவாக்கி, அதைச் சோதித்து, தேறினால் மட்டும் பிரதானக் கிளையை அங்கே நகர்த்துவது இணைப்பு வரிசையின் வேலை. ரஸ்ட் மொழித் திட்டம் இதை ஒரு தானியங்கி நிரலால் நெடுநாள் செய்து வந்தது. கிட்ஹப் 2023இல் இதைப் பொதுவசதியாக்கியது. நாளுக்கு இரண்டு இணைப்பு நடக்கும் சிறு குழுவுக்கு இது தேவையற்ற சுமை என்பது என் கருத்து.

வெளியீட்டுப் பக்கத்தில் தொங்கும் சுருக்கக் கோப்பு, களஞ்சியத்தில் உள்ள நிரலேதான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 2024 மார்ச் 29 அன்று அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருப்பதை வெளிப்படுத்தினார். அதன் உடல் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் களஞ்சியத்துக்குள் இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகளோ வெளியீட்டுக்காகத் தனியே தயாரிக்கப்பட்ட சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை வரி வரியாக மறுஆய்வு செய்தவர் கண்ணில் அந்தத் திறவுகோல் பட்டிருக்க வாய்ப்பே இல்லை. வெளியீட்டுக் கோப்பு என்பது தளத்தில் ஏற்றப்பட்ட ஒரு பொருள். அது களஞ்சியத்திலிருந்துதான் வந்தது என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் வசதியும் இதே எல்லைக்கோட்டில் நிற்பது. கிட்ஹப் 100 எம்ஐபிக்கு (மெபிபைட், எம்பியைவிடச் சற்றே பெரிய அலகு) மேற்பட்ட கோப்புகளைக் கொண்ட புஷ்ஷை ஏற்பதில்லை. எல்எஃப்எஸ் அப்படிப்பட்ட கோப்புக்குப் பதில் ஹேஷும் அளவும் எழுதிய மூன்று வரிக் குறிப்பைக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு, உள்ளடக்கத்தை வேறு சேமிப்பகத்தில் வைக்கிறது. களஞ்சியத்தை முழுதாக நகலெடுத்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், தங்கள் நகலில் இருப்பது குறிப்புகள் மட்டும்தானா என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

திரும்பப் பெற முடியாதது

குளோனில் வருவதெல்லாம் நன்மை, வராததெல்லாம் குறை என்று இதுவரை சொன்னதிலிருந்து யாரேனும் எடுத்துக்கொண்டால் அது தவறாகிவிடும். குளோனில் போனதைத் திரும்பப் பெற முடியாது. ஒரு கடவுச்சொல்லைத் தவறுதலாகப் பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்குவதால் பயன் இல்லை. வரலாற்றையே திருத்தி எழுதினாலும் ஃபோர்க்குகளிலும் (பிறர் தளத்திலேயே எடுத்துக்கொண்ட தனிப் பிரதிகள்) பிறர் நகல்களிலும் தளத்தின் மறைவான சுட்டிகளிலும் அது தங்கியிருக்கும். அந்தக் கடவுச்சொல்லைச் செல்லாததாக்குவதுதான் முதல் வேலை, மற்றவை பிறகு. தரவுத்தளத்தில் இருக்கும் கருத்துரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வசைச்சொல்லை நீக்கலாம், தவறிச் சொன்ன தனிப்பட்ட விவரத்தை மறைக்கலாம், விளம்பரக் குப்பையை வாரி எறியலாம். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் எழுதிய ஃபாசில் என்ற கருவி, வழுப்பதிவு, விக்கி, மன்றம் ஆகியவற்றையும் களஞ்சியத்துக்குள்ளேயே, ஒரே தரவுத்தளக் கோப்பாக, வைத்துக் குளோனோடு சேர்த்து அனுப்புகிறது. எஸ்க்யூலைட் திட்டமே அதில்தான் இயங்குகிறது. ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவுக்கு அது மிகப் பொருத்தமான ஏற்பாடு. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் வந்து எழுதும் இடத்தில், அழிக்க முடியாத பேச்சு வரமா சுமையா என்பது அவ்வளவு எளிதில் சொல்லக் கூடியதன்று.

ஆனாலும் தளம் என்பது என்றென்றும் இருக்கும் என்று எண்ணுவதற்கு வரலாறு இடம் தரவில்லை. கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது. பிட்பக்கெட் 2020இல் மெர்குரியல் ஆதரவைக் கைவிட்டு அந்தக் களஞ்சியங்களை அகற்றியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு கிட்ஹப்பை வாங்கும் அறிவிப்பை வெளியிட்டது. 2019 ஜூலையில் அமெரிக்க வணிகத் தடைகளைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய பகுதிப் பயனர்களின் தனியார் களஞ்சியங்களும் கட்டணச் சேவைகளும் கிட்ஹப்பில் முடக்கப்பட்டன. ஈரானியர்களுக்கு முழுச் சேவை திரும்ப அமெரிக்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. அது கிடைத்த செய்தி 2021 ஜனவரியில் வந்தது. எக்ஸ்இசட் விவகாரத்திலும், செய்தி வெளியானதும் கிட்ஹப் அந்தக் களஞ்சியத்தை முடக்கியதால், நடந்ததை ஆராய விரும்பியவர்கள் பழைய விவாதங்களைத் தளத்தில் படிக்க முடியாமல் போனது. நிரலின் பிரதிகளோ ஏற்கெனவே பலரிடம் இருந்தன.

எனவே காப்புப் பிரதி எடுப்பவர் இரண்டு வேலைகளைத் தனித்தனியே செய்ய வேண்டியிருக்கிறது. ‘மிரர்’ விருப்பத்தோடு குளோன் செய்தால் எல்லாக் கிளைகளும் டேக்குகளும், கிட்ஹப்பில் என்றால் புல் ரிக்வெஸ்ட்களின் நுனிச் சுட்டிகளும் சேர்ந்து வரும். இஷ்யூக்களையும் மறுஆய்வுக் கருத்துகளையும் தளத்தின் ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் தரவு கேட்கும் வாயில்) வழியாகத் தனியே இறக்கி வைக்க வேண்டும். விக்கி தனிக் களஞ்சியம் என்பதால் அதற்கு இன்னொரு குளோன். கிளைப் பாதுகாப்பு விதிகளை யாரும் இறக்கி வைப்பதாகத் தெரியவில்லை. அவற்றை ஒரு உரைக்கோப்பில் எழுதிக் களஞ்சியத்துக்குள் போட்டுவைப்பது ஐந்து நிமிட வேலை.

கருவிகள் செய்ய முடியாத ஒரு வேலை எழுதுபவர் கையில் இருக்கிறது. ‘412ஆம் இஷ்யூவில் பேசியபடி மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரிக் குறிப்புரை, அந்தத் தளம் இருக்கும்வரைதான் பொருள்படும். கிட்ஹப்பில் இஷ்யூவுக்கும் புல் ரிக்வெஸ்டுக்கும் ஒரே எண் வரிசை. கிட்லேப்பில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்ந்தால் எண்கள் மாறிவிட வாய்ப்புண்டு. பழைய கமிட்டில் உள்ள 412 புதிய தளத்தில் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு, அழகாகச் சொடுக்கத் தக்க இணைப்பாகவும் மின்னும். பைத்தான் திட்டம் 2017இல் தன் மூல நிரலை மெர்குரியலிலிருந்து கிட்ஹப்புக்கு மாற்றியது. வழுப்பதிவுகள் ஐந்தாண்டு பழைய தளத்திலேயே தொடர்ந்து, 2022 ஏப்ரலில்தான் இடம்பெயர்ந்தன. எண்கள் மாறின. ஆனால் அந்த ஐந்தாண்டின் கமிட் குறிப்புரைகள் வெறும் எண்ணை எழுதாமல், பழைய வழுப்பதிவுத் தளத்தைக் குறிக்கும் ‘பிபிஓ’ என்ற முன்னொட்டோடு எழுதப்பட்டிருந்தன; புதியவை கிட்ஹப்பைக் குறிக்கும் ‘ஜிஹெச்’ என்ற முன்னொட்டோடு எழுதப்படுகின்றன. இன்று அந்தக் களஞ்சியத்தைக் குளோன் செய்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வரலாற்றைப் புரட்டுபவருக்கும், அப்படி முன்னொட்டோடு எழுதிய ஒவ்வொரு எண்ணும் எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.